வில்லன் வேஷம் கட்டிய தியாகி மகன்

நம்ம ஹாஸ்டல்ல ராத்திரி பதினோரு மணிக்கு மேல எந்த ரூம் கதவைத் தட்டினாலும் ஏதாவது ஒரு கொரியன் சீரியல் ஓடிட்டு இருக்கும். 'பாரசைட்' ஆஸ்கர் வாங்கினது, 'ஸ்க்விட் கேம்' வந்தப்போ ஒரு வாரம் யாரும் ஒழுங்கா தூங்காதது எல்லாம் நமக்குத் தெரிஞ்ச கதை. ஒரு கொரிய முகம் திரையில ஹீரோவா வர்றது இன்னைக்கு நமக்கு அதிசயமே இல்ல.

ஆனால் ஹாலிவுட்டில் அந்த முகத்துக்கு சமையல்காரன், துணி வெளுக்கிறவன், வீட்டு வேலையாள், இல்லையென்றால் வில்லன், இதைத் தவிர வேறு வேஷமே இல்லாத ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் உள்ளே நுழைந்து, நாற்பது வருஷத்துக்கும் மேல் அங்கேயே நின்று, சினிமாவும் டிவியுமாக நூற்றைம்பதுக்கும் அதிகமாக நடித்துத் தள்ளிய ஒருவரைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன். பெயர் பிலிப் ஆன். பெயரை வைத்து யோசித்தால் ஞாபகம் வராது. முகத்தைப் பார்த்தால், பழைய இங்கிலீஷ் படம் பார்க்கிற உங்கள் தாத்தா ஒருவேளை கண்டுபிடித்துவிடுவார்.

பிலிப்பின் கதையை அவருடைய அப்பாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஏனென்றால் கொரியாவில் இன்றைக்கும் அப்பாதான் ஃபேமஸ்.

அப்பா பெயர் ஆன் சாங்-ஹோ. புனைபெயர் தோசான். ('ஸ்டார்ட்-அப்' சீரியல் பார்த்தவங்க உடனே துள்ளாதீங்க. அந்த ஹீரோ வேற, இவர் வேற. இவர் காலத்தால ரொம்ப முந்தினவர்.) 1902-ல் புது மனைவியோடு அமெரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது, நடுக்கடலில் ஹவாய்த் தீவின் மலை தலை நீட்டி நிற்பதைப் பார்த்து, தீவு மலை என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டாராம். படிக்கத்தான் போனார். ஆனால் சான் பிரான்சிஸ்கோ தெருவில் இரண்டு கொரிய ஜின்செங் வியாபாரிகள் குடுமியைப் பிடித்துச் சண்டை போடுவதையும், வெள்ளைக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதையும் கண்டதும் மனசு மாறிவிட்டது. படிப்பை ஓரமாக வைத்துவிட்டு, அங்கே கூலிகளாக இருந்த கொரியர்களை ஒன்றுசேர்க்கிற வேலையில் இறங்கினார். ரிவர்சைடு ஊரில் ஆரஞ்சுத் தோட்டத்தில் தானும் பழம் பறித்தார். ஒரு ஆரஞ்சைக்கூட ஒழுங்காகப் பறிப்பதுதான் நாட்டுக்குச் செய்யும் தொண்டு என்று கூட வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

டேக்வாண்டோ கற்றுக்கொண்டவர்கள் நம்ம காலேஜிலும் சிலர் இருக்கிறீர்கள். அதில் 'தோ-சான்' என்று 24 அசைவுகள் உள்ள ஒரு பேட்டர்ன் வரும் இல்லையா, அது இவர் பெயர்தான்.

இந்தத் தம்பதிக்கு 1905 மார்ச் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் மூத்த மகனாகப் பிறந்தவர் பிலிப். அமெரிக்க மண்ணில் கொரியப் பெற்றோருக்குப் பிறந்த முதல் குழந்தைகளில் ஒருவர். அதே வருஷம் நவம்பரில் கொரியாவின் வெளியுறவு அதிகாரத்தை ஜப்பான் பிடுங்கிக்கொண்டது. 1910-ல் நாட்டையே முழுங்கிவிட்டது. அதாவது பிலிப்புக்கு ஐந்து வயசாகும்போது அவருடைய அப்பா அம்மாவுக்குச் சொந்த நாடு என்று ஒன்று இல்லை. காகிதத்தில் அவர்கள் ஜப்பானியப் பிரஜைகள்.

தோசான் வீட்டில் இருந்த வருஷங்களைவிட இல்லாத வருஷங்களே அதிகம். கொரியாவுக்குப் போனார், திரும்ப வந்தார், 1913-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஹங்சாதான் என்ற இயக்கத்தை ஆரம்பித்தார், 1919-ல் ஷாங்காய்க்குப் போய் கொரியர்களின் தற்காலிக அரசாங்கத்தில் வேலை செய்தார். இந்தப் பக்கம் லாஸ் ஏஞ்சல்ஸில் அம்மா ஹெலன், ஊரார் துணியைத் துவைத்து, வீட்டு வேலை பார்த்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். தியாகிகளைப் பற்றி எழுதும்போது நாம் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவோம். நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன், மன்னிக்கவும்.

சினிமா ஆசை பிலிப்புக்கு எப்படி வந்தது? டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஸ்கூல் பையனான பிலிப் ஷூட்டிங் பார்க்கப் போனார். ஃபேர்பேங்க்ஸ் அன்றைக்கு உலகத்திலேயே பெரிய ஸ்டார்களில் ஒருவர். பையனைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. படத்தில் ஒரு சின்ன வேஷம் தருகிறேன் என்றார். பிலிப் குதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். என் பிள்ளை அந்த மாதிரி ஆட்களோடு சேர வேண்டாம் என்பதுதான் தீர்ப்பு. எந்த ஊர் அம்மாவாக இருந்தால் என்ன!

சினிமா போச்சு. 1923-ல் பள்ளிக்கூடம் முடிந்ததும் பையன் கொலுசா என்ற ஊருக்கு நெல் வயலில் வேலை செய்யப் போனார். (ஆமாம், கலிபோர்னியாவில் நெல் விளையும்.) இங்கேதான் ஒரு சட்டச் சிக்கல். அன்றைய கலிபோர்னியச் சட்டப்படி ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் நிலம் வாங்க முடியாது. ஹங்சாதான் இயக்கத்துக்கு நிலம் வேண்டும், ஆனால் அதில் இருந்த பெரியவர்கள் யாருடைய பெயரிலும் பதிய முடியாது. அமெரிக்காவில் பிறந்து குடியுரிமையோடு இருந்த ஆள் இந்தப் பொடியன்தான். அதனால் நிலம் பிலிப் பெயரில் பதிவானது. அப்புறம் பெருமழை பெய்து பயிர் நாசமானது. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ கடனும் அவர் பெயரில்தானே? இருபது வயசு திரும்புவதற்குள் இயக்கத்தின் கடன் முழுக்க அவர் தலையில் விழுந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் திரும்பி லிஃப்ட் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தார். நாள் முழுக்க ஒரு பெட்டிக்குள் நின்று மேலேயும் கீழேயும் போய்வருகிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் கடனையும் அடைத்தார், தம்பி தங்கைகளையும் படிக்கவைத்தார்.

1926-ல் அப்பா மறுபடி கிளம்பினார். பிலிப்புக்கு அப்போது 21 வயசு நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா வயிற்றில் கடைசிப் பிள்ளை. அந்தத் தம்பி ரால்ஃப் அதே வருஷம் பிறந்தார். அப்பா முகத்தை அவர் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. பிலிப்பும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

நடிப்பு விஷயத்தில் மட்டும் அப்பா அம்மா பக்கம் சேரவில்லை. நடிகனாகத்தான் ஆவேன் என்றால் ஆகட்டும், ஆனால் அதில் முதல் தரமான ஆளாக இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட கண்டிஷன். நாட்டு விடுதலைக்காக வாழ்க்கையைக் கொடுத்த ஒரு மனுஷர், மகன் சினிமாவுக்குப் போகிறேன் என்றதை இப்படி எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். நம்ம வீட்ல கோர் கம்பெனி வேண்டாம், மீடியாவுக்குப் போறேன்னு சொல்லிப் பாருங்க, தெரியும்.

கடனெல்லாம் ஓய்ந்து, 1934-ல்தான் பிலிப்பால் சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர முடிந்தது. வயசு 29. வணிகம் படி என்று வீட்டில் சொன்னார்கள். அதோடு பேச்சுப் பயிற்சியும் சினிமாவும் சேர்த்துப் படித்துக்கொண்டார். இரண்டு வருஷத்தில் காலேஜை விட்டுவிட்டு முழுநேர நடிகரானார்.

1936-ல் பிங் கிராஸ்பி நடித்த 'எனிதிங் கோஸ்' படத்துக்கு ஆள் எடுத்தார்கள். டைரக்டர் லூயிஸ் மைல்ஸ்டோன். பிலிப் உள்ளே போய் அழகாகப் பேசிக்காட்டினார். மைல்ஸ்டோன் வேண்டாம் என்றுவிட்டார். காரணம், இங்கிலீஷ் ரொம்ப நன்றாக இருக்கிறதாம்! லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து வளர்ந்து அங்கேயே காலேஜ் படித்தவர் வேறு எப்படிப் பேசுவார்? பிலிப் அசரவில்லை. அதே இடத்தில் உடைந்த இங்கிலீஷில், ஹாலிவுட்டுக்குத் தெரிந்த அந்தச் சீன இழுவையோடு பேசிக் காட்டினார். வேஷம் கிடைத்துவிட்டது.

சிரிக்கலாம். ஆனா யோசிச்சுப் பாத்தா சிரிப்பு நிக்காது. தாய்மொழி மாதிரி வருகிற ஒரு மொழியைத் தப்பாகப் பேசினால்தான் வேலை. அடுத்த முப்பது வருஷம் அவருக்கு இதுதான் நிலைமை.

அன்றைய ஹாலிவுட்டின் கணக்கு இப்படி: ஆசியப் பாத்திரம் பெரியதாக இருந்தால் வெள்ளைக்காரர் கண்ணோரத்தை இழுத்து ஒட்டி மேக்கப் போட்டு நடிப்பார்; சின்னதாக இருந்தால் நிஜ ஆசியருக்குத் தருவார்கள். சீனத் துப்பறிவாளர் சார்லி சானாகப் பேர் வாங்கிய வார்னர் ஓலண்ட் ஸ்வீடன்காரர். ஜப்பானியர் மிஸ்டர் மோட்டோவாக நடித்தவர் பீட்டர் லோரே. 1937-ல் வந்த 'தி குட் எர்த்' முழுக்க முழுக்கச் சீன விவசாயக் குடும்பத்தின் கதை. அதில் கணவனும் மனைவியும் பால் முனி, லூயிஸ் ரெய்னர். ரெய்னருக்கு ஆஸ்கரே கிடைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சீன நடிகை, அந்த வேஷத்துக்காகவே காத்திருந்த அன்னா மே வாங்குக்கு அது கிடைக்கவில்லை. ஹீரோ வெள்ளைக்காரர் என்று முடிவான பிறகு ஜோடியாக ஆசியப் பெண்ணைப் போட அன்றைய தணிக்கை விதி இடம் தராது. வெள்ளைக்காரர் சீன வேஷத்தில் இருந்தாலும் சரி, விதி விதிதான்! பிலிப்புக்கும் அதே படத்தில் ஒரு துக்கடா வேஷம்.

ஆனால் அதே 1937-ன் கடைசியில் ஒரு அதிசயம் நடந்தது. பாராமவுண்ட் கம்பெனி 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' என்று ஒரு சின்ன பட்ஜெட் படம் எடுத்தது. டைரக்டர் ராபர்ட் ஃப்ளோரே. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். ஆட்களைத் திருட்டுத்தனமாக நாட்டுக்குள் கடத்தும் கும்பல் ஒரு சீன வியாபாரியைக் கொன்றுவிடுகிறது. அவர் மகள் துப்புத் துலக்கக் கிளம்புகிறாள். அவளோடு சேர்பவர் கிம் லீ என்ற அரசாங்க ஏஜென்ட். மகளாக அன்னா மே வாங். கிம் லீயாக நம்ம பிலிப். கோட் சூட் போட்டு, சுத்தமான அமெரிக்க இங்கிலீஷ் பேசி, சண்டை போட்டு, கடைசியில் கதாநாயகியிடம் கல்யாணப் பேச்சு எடுக்கிற ஹீரோ. கெட்டவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள்!

இந்தப் படத்தைத் தேடிப் பாருங்க. கதை சுமார்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனா பிலிப் நடந்து வர்ற விதத்தைக் கவனிங்க. வேற எந்தப் படத்துலயும் அவர் முதுகு அவ்வளவு நிமிர்ந்து இருக்காது. 2006-ல் அமெரிக்க நூலகக் காங்கிரஸ் இந்தப் படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துப் பாதுகாத்தது. பிலிப்பும் அன்னா மேயும் பழைய சிநேகிதர்கள். நிஜத்திலும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள் என்று கிசுகிசுப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. இரண்டு பேருமே கடைசிவரை யாரையும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

படம் தியேட்டருக்கு வந்த அந்த டிசம்பரில் அப்பா எங்கே இருந்தார் தெரியுமா? 1932-ல் ஷாங்காயில் ஜப்பானியத் தளபதிகள் மீது யூன் போங்-கில் என்ற இளைஞர் குண்டு வீசியதை அடுத்து, தோசானைக் கைது செய்து கொரியாவுக்குக் கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தார்கள். 1935-ல் விட்டு, 1937-ல் மறுபடி பிடித்தார்கள். உடம்பு முழுக்கக் கெட்டுப்போன பிறகு, 1937 டிசம்பரில் ஜாமீனில் வெளியே விட்டார்கள். 1938 மார்ச் 10 அன்று சியோலில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். குடும்பம் பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம். யாராலும் போக முடியவில்லை. மகன் ஹீரோவாக நடித்த படத்தை அப்பா பார்க்கவே இல்லை.

இதுக்கு அடுத்து வர்ற பகுதிதான் எழுதவே கஷ்டமா இருக்கு.

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு போட்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அரசாங்கம் முகாம்களில் அடைத்தது. கொரியர்கள் காகிதத்தில் ஜப்பானியப் பிரஜைகள் என்பதால் அவர்களுக்கும் பயம். நான் கொரியன் என்று சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு நடந்தார்கள். ஹாலிவுட் வரிசையாகப் போர்ப் படங்கள் எடுக்க ஆரம்பித்தது. ஜப்பானிய வில்லன்கள் டஜன் கணக்கில் வேண்டும். ஜப்பானிய நடிகர்களோ முள்வேலிக்குள். அதனால் சீனர்களும் கொரியர்களும் அந்த யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டார்கள். பிலிப் 'பிட்ரேயல் ஃப்ரம் தி ஈஸ்ட்', 'பேக் டு பேட்டான்' என்று அடுத்தடுத்து நடித்தார். அப்பாவைச் சிறையில் நசுக்கியது எந்த ராணுவமோ, அதன் உடுப்பில் மகன்.

அதை அவர் சகித்துக்கொண்டு செய்யவில்லை, விரும்பியே செய்தார். ஜனங்கள் அந்த ராணுவத்தை எவ்வளவு வெறுக்க முடியுமோ அவ்வளவு வெறுக்க வேண்டும் என்று கொடூரத்தைக் கூட்டி நடித்தார். நடிப்பு எந்த அளவுக்குப் பலித்தது என்றால், அவரை நிஜ ஜப்பானியர் என்று நினைத்துக் கொலை மிரட்டல்கள் வந்தன. அதற்கு நடுவில் அமெரிக்க ராணுவத்திலும் சேர்ந்தார். படைவீரர்களை மகிழ்விக்கும் பிரிவில் இருந்து, கணுக்காலில் அடிபட்டு சீக்கிரமே திரும்பினார். தங்கை சூசன் கடற்படையில் சேர்ந்து பீரங்கிப் பயிற்சி அதிகாரியானார். கடற்படையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். ரால்ஃபும் கடற்படைக்குப் போனார்.

எனக்கு இந்த இடத்தில் ஒரு நெருடல் இருக்கிறது. அந்தப் படங்கள் ஊட்டிய வெறுப்பு டோக்கியோவில் இருந்த தளபதிகள் மேல் மட்டும் விழவில்லை. முள்வேலிக்குள் இருந்த காய்கறிக் கடைக்காரர் மேலும் விழுந்தது. பிற்காலத்தில் வந்த ஆசிய அமெரிக்க இளைஞர்கள் பிலிப் மாதிரி நடிகர்களைக் கோபத்தோடு பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். நம்மை ஏளனமாகக் காட்டிய வேஷங்களை ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனா ஒத்துக்காம இருந்திருந்தா அந்த வேஷங்களும் மேக்கப் போட்ட வெள்ளைக்காரங்களுக்குத்தான் போயிருக்கும். அப்பாவைப் பறிகொடுத்தவனிடம் போய் கொஞ்சம் நிதானமாக வெறுங்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பக்கமும் எனக்குச் சரியாகவே படுகிறது. முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

போர் முடிந்தது, கொரியா விடுதலையானது, உடனே இரண்டாக உடைந்தது. 1950-ல் அங்கேயே போர். ஹாலிவுட்டுக்கு இப்போது கொரியர்கள் தேவைப்பட்டார்கள். ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த 'பேட்டில் சர்க்கஸ்' படத்தில் ராணுவ ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குள் கையெறி குண்டைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் ஒரு போர்க்கைதி வருவான். அது பிலிப். சில நிமிஷம்தான். ஆனால் அந்த முகத்தில் இருப்பது வில்லத்தனம் இல்லை, வெறும் பயம். எத்தனையோ வருஷமாகச் சீனராக, ஜப்பானியராக நடித்தவருக்கு ஒருவழியாகக் கொரியராக நடிக்கக் கிடைத்த வேஷங்களில் அது ஒன்று. 1957-ல் ராக் ஹட்சனோடு 'பேட்டில் ஹிம்' படத்தில் கொரியப் பெரியவராகவும் வந்தார்.

நடிப்பை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது என்று தெரிந்தோ என்னவோ, 1954-ல் தங்கை சூராவோடு சேர்ந்து பனோரமா சிட்டியில் 'மூன்கேட்' என்ற ரெஸ்டாரன்ட் ஆரம்பித்தார். சீன ரெஸ்டாரன்ட்! அன்றைய அமெரிக்காவில் கொரியச் சாப்பாடு என்றால் யாருக்குத் தெரியும்? கல்லாவில் உட்கார்ந்தாலும் சீன வேஷம் விடவில்லை பாருங்கள். ஆனால் கடை நன்றாக ஓடியது. ஊர்க்காரர்கள் அவரைக் கௌரவ மேயராக்கி, பல வருஷம் அப்படியே வைத்திருந்தார்கள். நடுநடுவே படங்களும் தொடர்ந்தன. 1966-ல் எல்விஸ் பிரெஸ்லியோடு 'பேரடைஸ், ஹவாயன் ஸ்டைல்'கூடச் செய்தார்.

67 வயசில்தான் அவர் முகம் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிந்தது. 1972-ல் ஏபிசி சேனலில் 'குங் ஃபூ' ஆரம்பித்தது. ஹீரோ பாதிச் சீனர், ஷாவோலின் மடத்தில் வளர்ந்தவர். அந்த வேஷத்துக்கு புரூஸ் லீ பெயரும் பரிசீலனைக்கு வந்தது. கடைசியில் போட்டது டேவிட் காரடைன் என்ற வெள்ளைக்காரரை. பிலிப்புக்கு மடத்தின் தலைவர் கான் வேஷம். உள்ளங்கையில் ஒரு கூழாங்கல்லை வைத்து நீட்டுவார். சிறுவன் அதைப் பிடுங்க வேண்டும். கை மூடிக்கொள்ளும். என்றைக்குப் பிடுங்க முடிகிறதோ அன்றைக்கு நீ மடத்தைவிட்டுப் போகலாம் என்பது கணக்கு. எத்தனையோ பேர் பிறகு அதைக் கிண்டலும் செய்தார்கள், காப்பியும் அடித்தார்கள். மேக்கப் போட்ட வெள்ளைக்கார சிஷ்யனுக்கு நிஜ ஆசியக் குரு! நிஜ வாழ்க்கையில் பிலிப் பிரெஸ்பிடீரியன் கிறிஸ்தவர். கான் பேசும் தத்துவத்துக்கும் தன் நம்பிக்கைக்கும் சண்டை எதுவும் இல்லை என்பதே அவர் எண்ணம்.

அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1973-ல், சியோலில் கங்னம் பகுதியில் தோசான் பூங்கா திறந்தார்கள். (ஆமாம், அந்தப் பாட்டில் வர்ற அதே கங்னம்.) வேறு இடத்தில் புதைத்திருந்த அப்பாவின் உடலை அங்கே கொண்டுவந்தார்கள். 1969-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்துபோன அம்மாவின் உடலையும் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள். அந்த ஏற்பாடுகளில் பிலிப்புக்கும் பங்கு உண்டு. 1926-ல் பிரிந்த அந்தத் தம்பதி 47 வருஷம் கழித்து ஒரே இடத்தில்.

1978 பிப்ரவரி 28 அன்று, அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலில் பிலிப் இறந்தார். வயசு 72. மூன்கேட்டைத் தங்கை தொடர்ந்து நடத்தினார்.

லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு நெடுஞ்சாலைகள், 10-ம் 110-ம், குறுக்கே சந்திக்கும் பெரிய மேம்பாலச் சந்திப்புக்கு அப்பா பெயர் வைத்திருக்கிறார்கள். குடும்பம் வாடகைக்கு இருந்த பழைய மர வீட்டை, பிலிப் படிப்பைப் பாதியில் விட்ட அதே பல்கலைக்கழகம் வளாகத்துக்குள்ளேயே இடம் மாற்றி வைத்துப் பாதுகாக்கிறது. (வீட்டை அப்படியே நகர்த்தியது எப்படி என்று சிவில் நண்பர்கள் யாராவது அடுத்த இதழில் எழுதுங்கப்பா.) இப்போது அங்கே கொரிய ஆய்வு மையம் இருக்கிறது. 1984-ல் ஹாலிவுட் நடைபாதையில் பிலிப் பெயரில் நட்சத்திரம் பதித்தார்கள். அந்த நடைபாதையில் பெயர் பொறிக்கப்பட்ட முதல் கொரிய அமெரிக்கர் அவர். ஹாலிவுட் பொலவார்டில் கதவிலக்கம் 6211-க்கு எதிரே குனிந்து பார்த்தால் இருக்கும்.